காலண்டரில் சிவப்புப் பொட்டு

எழுபதுகளின் நடுவில், திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். மேட்டூர் அணை இன்னும் திறக்கவில்லை. குறுவை நாற்றங்காலுக்கு ஊரெங்கும் பம்புசெட் ஓடிய ஜூன் மாதம் அது.

எதையும் குறித்து வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆபரேஷன் ஆனவர்களில் யாருக்காவது புண் சீழ் வைத்தால், ஆபரேஷன் நடந்த தேதியில் வார்டுக் காலண்டரில் சிவப்பு மையால் ஒரு பொட்டு வைப்பேன். "பொட்டு வெச்சாச்சு, பூவும் வெச்சிடேன்டி!" என்று மற்ற நர்ஸுகள் கிண்டலடிப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒரு வாரம் பொட்டாகக் கிடக்கும், மறுவாரம் ஒன்றுகூட இருக்காது. ஆயா ஆபரேஷன் தியேட்டரைச் சரியாகக் கழுவுவதில்லை என்று முடிவு கட்டி அவளைத் திட்டித் தீர்த்தேன்.

அன்று காலை, நடவு வேலை செய்யும் ஓர் அம்மாவுக்குத் தோளில் கட்டி எடுக்க வேண்டும். அவரும் கூட வேலை செய்பவர்களும் கூலி உயர்வுக்காக மிராசுதாரோடு மல்லுக்கட்டி அப்போதுதான் ஜெயித்திருந்தார்கள்.

"புதுக் கூலியில மொத நடவுக்கு நான் எறங்கணும் சிஸ்டர். இருவது நாள்ல புண்ணு ஆறிடுமில்ல?"

சீழ் வைத்தால் அந்த நடவு போச்சு. அவர் கண்ணில் காலண்டர் பட்டது. பொட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அட, இதெல்லாம் மோட்டாருக்குப் பகல் கரண்டு வுட்ட வாரம்! மறுவாரம் ராத்திரி கரண்டு. கூலித் தகராறுல வரப்புலயே குந்திக் கெடந்தோம், எங்களுக்குத் தெரியாதா? பகல்ல மோட்டார் ஓடினா இங்க லைட்டு அழுவும். இப்பப் பாருங்களேன்!"

தலைக்கு மேல் பல்பு மங்கிக் கிடந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது!

ஆபரேஷன் துணியையும் கருவிகளையும் நீராவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவ் என் பொறுப்பு. சுவிட்சைப் போட்டு அரை மணி ஆனதும் எடுத்துவிடுவேன். ஓடிப்போய்ப் பார்த்தேன். துணியும் கருவியும் அடைத்த இரண்டாவது டிரம் உள்ளே இருந்தது. அரை மணி முடிந்துவிட்டது, கரண்டு குறைந்து சூடு போதாததால் அழுத்தம் காட்டும் முள்ளோ பாதியில் நின்றது. முதல் டிரம் ஏற்கெனவே தியேட்டருக்குப் போயாச்சு! இத்தனை பேருக்கும் சீழ் வைத்தது என்னால், பாவம் அந்த ஆயாவால் அல்ல.

தலைதெறிக்க ஓடினேன். அந்த அம்மாவை மேஜையில் படுக்க வைத்திருந்தார்கள். டாக்டர் கருவியைத் தொடப் போனார்.

"தொடாதீங்க டாக்டர்! எதுவுமே சரியா வேகலை. தப்பு என்னோடது!"

டாக்டர் முகம் சிவந்துவிட்டது. "அடுப்பே எரியலைன்னா கடிகாரத்தப் பாத்துச் சோறு வடிப்பியாம்மா?" என்றார். பிறகு அவரே வந்து முள்ளின் முன்னால் நின்றார். அது மேலே ஏறிய பிறகுதான் அரை மணியைக் கணக்கிடச் சொன்னார். ஆபரேஷன் மத்தியானம் நடந்தது. ஏழாம் நாள் தையல் பிரித்தபோது புண் சுத்தமாகக் காய்ந்திருந்தது. நான் துள்ளிக் குதிக்காத குறை!

ஆயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "இப்பவாவது தெரிஞ்சுதே" என்று அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதல் நடவு நடந்த அன்று பஸ்ஸில் போகையில் வயலில் அந்த அம்மாவைப் பார்த்தேன். அதே தோளை உயர்த்தி, நாற்றும் சேறுமாகக் கையை ஆட்டினார். இன்றும் யார்மீதாவது குற்றம் சொல்ல வாயெடுத்தால், பாதியில் நின்ற அந்த முள்தான் முதலில் என் கண்முன் வருகிறது.