கோயில் கிணறு வற்றிய கோடை

ஐம்பதுகளில் கெலமங்கலத்து மிஷன் பள்ளியில் நான் ஆசிரியை. எங்கள் சபையில் பன்னிரண்டு குடும்பங்கள். ஒரு கோடையில் வேதக்கோயில் கிணறு வற்றியது. மறு ஞாயிறு, பாதிரியார் வராத வாரங்களில் பிரசங்கிக்கும் உபதேசியார், ஒருவன் கூடாரத்துக்குள் களவுப் பொருளைப் புதைத்துவைக்க, ஜனம் முழுதும் போரில் தோற்ற வேதக் கதையைச் சொன்னார்.

"ஒருத்தன் பாவம் எல்லாரையும் தொடும். கிணறு சும்மா வத்துமா? நம்மள்ல யாரோ ஒருத்தர்!"

அன்றிலிருந்து சபையில் பக்தி பெருகியது. எல்லாரும் பாவத்தைத் தேடினார்கள், அடுத்த வீட்டில். ஒருவர் ராகுகாலம் பார்க்கிறார் என்றார்கள். யாரோ ஒருத்தி டூரிங் டாக்கீஸுக்குப் போனாள் என்றார்கள். போனது நான்தான். பேச்சு என் பக்கம் திரும்புமுன் உபதேசியாரிடம் ஓடினேன்.

"கோயில் மணி அடிக்கிறவரு மைசூர் எல்லைக்குப் போயி குடிச்சிட்டு வர்றாருங்க. பஸ்ஸ விட்டு எறங்கறப்ப நானே பாத்தேன்."

எங்கள் பக்கம் மதுவிலக்குக் காலம். பாவத்தோடு சட்டமும் சேர்ந்துகொண்டதால் தேடல் அத்தோடு முடிந்தது. அவரை அப்பம் வழங்கும் திருவிருந்திலிருந்து விலக்கினார்கள், கூடவே மனைவியையும். பிறந்து ஒரு மாதமான குழந்தையின் ஞானஸ்நானமும் தள்ளிப்போனது. பாவம் குடும்பத்தையும் தொடுமல்லவா!

கிணறு மட்டும் வறண்டே கிடந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் புளி வியாபாரம் செய்த பாய் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. பன்னிரண்டு குடும்பமும் அங்கேதான் இறைத்தோம். உபதேசியார் வீட்டுக் குடமும் வரும். பாய் ஒருநாள் எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்களுத விட பத்தடி ஆழம் கம்மிங்க. தோண்டுனா வந்துரும்" என்றார். அதில் பாவம் எதுவும் இல்லாததால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு காலையில் மணியடிப்பவரின் மனைவி பாய் வீட்டுக் கிணற்றடிக்கு வந்தாள், தோளில் குழந்தையோடு. எங்கள் பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"டீச்சர், அவரு குடிச்சாரு. குடிச்சிட்டு வந்து அடிச்சாரு, அதையும் நாந்தான் பட்டேன். இப்ப நீங்களும் என்னையே தண்டிக்கறீங்க. இந்தப் புள்ள என்னங்க குடிச்சுது, என் பாலத் தவிர?"

அவர் பாவம் அவளைத் தொட்டது உண்மை. அது அவள் உடம்பில் தெரிந்தது. ஆனால் கிணற்றடியில் அவளைத் தனியாக நிறுத்தியது என் பாவம்.

ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கையின்போது எழுந்தேன். டாக்கீஸுக்குப் போனதையும், தப்பிக்கக் கோள் சொன்னதையும் சொல்லி முடித்தேன். உபதேசியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"என்ன படம்மா?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் வந்த பாதிரியார் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த வாரமே ஆண்கள் கிணற்றைத் தோண்டினார்கள். மணியடிப்பவரும் இறங்கினார். எட்டாவது அடியில் நீர் ஊறியது. சபை மனந்திரும்பியதற்காக உபதேசியார் வெகுநேரம் ஸ்தோத்திரம் செலுத்தினார். நான் மணியடிப்பவரின் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். என்னோடு பேச அவளுக்கு ஒரு வருஷம் ஆனது.