மாமியும் என் கப்பல் காரும்

தன் முட்டாள்தனத்தை ஒரு மனிதன் தென்னங்கிடுகு போட்டு மூடிவைக்க வேண்டி வந்ததென்றால் அது எவ்வளவு பெரியதாக இருந்திருக்க வேண்டும்! என்னுடையது அவ்வளவு பெரியது. முன்னுக்கு மூடினால் பின்னுக்குத் தெரியும்.

இந்திய இராணுவம் திரும்பிப்போய், ஊர் சற்று மூச்சு விட்ட அந்தச் சில மாதங்களில் நான் ஒரு பழைய சீமைக் கார் வாங்கினேன். குடாநாட்டில் அந்த மாதிரி அது ஒன்றுதான் இருந்தது. பிள்ளைகளோடு இருக்க வெளிநாடு புறப்பட்ட ஒரு டொக்டர் விற்றது. முன்மூக்கு முழுக்க வெள்ளி மினுக்கம், உள்ளே பளபளக்கும் மரப்பலகை, பின்னிருக்கையில் சிவப்புத் தோல். நானோ சைக்கிளில் போய்ப் படிப்பிக்கிற வாத்தியார். எதை விற்று வாங்கினேன் என்பதை மனைவி இன்றைக்கும் ஞாபகப்படுத்துவதால் நான் வேறு சொல்லத் தேவையில்லை.

சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, ஐயரைக் கொண்டு கற்பூரம் காட்டி, கோயிலிலிருந்து பண்டத்தரிப்பு வீட்டுக்கு ஓட்டி வந்தேன். என் கையில் அது ஓடிய ஓட்டம் அவ்வளவுதான். மறுபடி சண்டை தொடங்கிப் பெற்றோல் நின்றுபோனது. ஊரிலிருந்த கிழட்டுக் கார்களெல்லாம் நாலு துளி பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடப் பழகிக்கொண்டன. என்னுடையது மண்ணெண்ணெய் மணத்தவுடன் இருமிக் குலுங்கி நின்றது. பெரிய இடத்துப் பிள்ளை, கண்டதையும் வாயில் வைக்காது.

"தம்பி, ஒரு மாடு வாங்கியிருந்தால் வைக்கோலையெண்டாலும் தின்னும்" என்றார் மாமி. மாமி என் மனைவியின் தாயார், எங்களோடுதான் இருந்தார். கிடுகு யோசனையும் அவருடையதே.

"உந்த மினுக்கத்தை மூடும். ஹெலியிலை போறவன் கண்டால், இஞ்சை ஆரோ பெரிய ஆள் இருக்கிறாரெண்டு குண்டு போட்டிடுவான்."

"நான் பெரிய ஆள்தானே மாமி?"

"உம்மைத் தெரிஞ்சால் போடமாட்டான். அவனுக்குத் தெரியாதே."

வாதம் வந்து முழங்கால்கள் வீங்கி அவரால் நடக்க முடியாமல் போனபின், அந்தச் சிவப்புத் தோல் இருக்கை மட்டும்தான் அவருடைய காலுக்கு ஒத்துவந்தது. மத்தியானங்களில் தூக்கிக் கொண்டுபோய் இருத்துவேன். கதவைத் திறந்துவைத்து வெற்றிலை போடுவார். நான் முன்னால் ஏறி ஸ்டியரிங்கைப் பிடிப்பேன். "எங்கை போவம் மாமி?" என்றால், "பருத்தித்துறைக்கு விடும். மீன் மலிஞ்சிருக்குமாம்" என்பார். நான் வாயாலே கோர்ன் அடிப்பேன். கிடுகு நிழலில் நாங்கள் போகாத இடமில்லை.

தொண்ணூற்றைந்தின் மழையில், அரச இராணுவம் நெருங்கிவர, எங்கள் வலிகாமம் முழுவதுமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. விடிந்து நாங்கள் பார்க்கையில் அயலில் ஒரு வண்டிலோ ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமோ மிச்சமில்லை. "என்னை விட்டிட்டுப் போங்கோ பிள்ளையள்" என்றார் மாமி. வழக்கமான நக்கல் அந்தக் குரலில் இல்லை. மனைவி அழத் தொடங்கினாள். அப்போது எனக்கு வாழ்க்கையின் இரண்டாவது பெரிய யோசனை வந்தது. எஞ்சின் ஓடாவிட்டால் என்ன, சில்லு உருளும்தானே?

மாமியைப் பின்னால் இருத்தி, மனைவியின் சைக்கிளைக் கூரையில் கட்டி, அவளை ஸ்டியரிங்கில் விட்டு நான் தள்ளினேன். கூட வந்தவர்களும் கை கொடுத்தார்கள். மானிப்பாய் தாண்டுமுன்பே அவர்களுடைய மூட்டைகளும் பிள்ளைகளும் அவர்களை இழுத்துக்கொண்டு போய்விட்டன. தனியே தள்ளினேன். காலில் கிடந்த சப்பாத்து சேற்றில் போனது. கார் ஒரு மதகடியில் வழுக்கி, தெருவுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. முன்சில்லு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் சனம், சனத்துக்குப் பின்னால் ஷெல் சத்தம்.

"அண்ணை, உந்தக் கப்பலை ஓரமாக்குங்கோ!" என்று ஒருவர் கத்தினார்.

ஓரமாக்க என் பலம் போதவில்லை. மாமியை இறக்கினேன். சனமே சேர்ந்து தள்ளியது, முன்னுக்கல்ல, வயலுக்குள்.

இப்போது நான் வாழும் நகரத்தில் அதே மாதிரிக் கார் ஒன்றைக் கயிறு கட்டிக் காட்சிக்கு வைத்திருந்தார்கள், தொடக்கூடாதாம். இதை நான் தள்ளியிருக்கிறேன் என்று காவலாளிக்குச் சொன்னேன். அவர் என்னைக் கயிற்றிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

அன்றைக்குச் சைக்கிள் கரியரில் தலையணை வைத்து, மாமியைச் சேலையால் சேர்த்துக் கட்டினோம். மனைவி பின்னால் தாங்கினாள், நான் ஹாண்டிலைப் பிடித்தேன். ஒவ்வொரு குழியிலும் மாமி பல்லைக் கடிப்பது கேட்டது. நானோ கழுத்தைத் திருப்பித் திருப்பி வயலைப் பார்த்தேன். தண்ணீருக்குள் மூக்கைக் குத்தியபடி அது நின்றது. மழை அதன் மினுக்கத்தைக் கழுவிக் காட்டிக்கொண்டிருந்தது. மூட அங்கே கிடுகு இல்லை.

"மாமி, சண்டை ஓய வந்து எடுக்கலாம்தானே?" என்றேன்.

"முன்னுக்குப் பாத்து உருட்டும், தம்பி."