பதிவில் பிடுங்கிய பல்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. லண்டனில், டூட்டிங்கில் ஒரு பல் வைத்தியரிடம் எட்டு வருடமாக ரிசப்ஷனில் இருக்கிறேன். என்ன சிகிச்சை, எந்தப் பல் என்று சரியான குறியீட்டையும் பல்லின் எண்ணையும் போட்டு இன்சூரன்ஸுக்கு அனுப்புவதும் என் வேலைதான்.

அன்று மோர்டனிலிருந்து ஒரு அண்ணை கன்னம் வீங்கி வந்தார். பஸ் ஓட்டுகிறவர். கீழ் வலது கடைவாய்ப்பல். நரம்புச் சிகிச்சை செய்தால் பல் தப்பும் என்றார் எங்கள் டாக்டர். அனுமதி கேட்டு அனுப்பினேன். மறுத்துவிட்டார்கள். அந்தப் பல் போன வருடமே பிடுங்கப்பட்டுவிட்டதாம்!

போனை எடுத்தேன். இல்லாத பல்லா இந்த மனிதனை இப்படித் துடிக்க வைக்கிறது என்று மறுமுனையில் இருந்த பெண்ணைக் கிழி கிழியென்று கிழித்தேன். அவள் பொறுமையாக, "நீங்கள் அனுப்பியதுதான், பாருங்கள்" என்றாள். பார்த்தேன். போன வருடம் அவருக்கு நாங்கள் பிடுங்கியது இடது பல். அவசரத்தில் வலது பல்லின் எண்ணைப் போட்டிருந்தேன். கீழே என் பெயர்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். எய்தவள் நான், ஏச்சு வாங்கியது அவள். வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து காதெல்லாம் சுட்டது.

டாக்டர் தமிழ்நாட்டுக்காரர். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

"விடுங்கம்மா. பக்கத்துப் பல்லோட நம்பரப் போட்டு அனுப்புங்க. வாயத் தொறந்தா பாக்கப் போறாங்க?"

"பிறகு அந்தப் பல்லுக்கு வருத்தம் வந்தா என்ன செய்யிறது டொக்டர்? இன்னொரு பொய்யா?"

அண்ணை கன்னத்தைப் பொத்தியபடி எழுந்து வந்தார்.

"தங்கச்சி, ஏன் கரைச்சல்? புடுங்கி விடுங்கோ. காயிதமும் வாயும் ஒண்டா வந்திடும்."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. அகதியாக வந்து விண்ணப்பித்தபோது ஒரு திகதி மாறிப்போனதால் நாலு வருடம் அலைந்தவர். "காயிதம் ஒண்டு சொல்ல நான் வேற சொன்னா, என்னைத்தான் பொய்யன் எண்டுவாங்கள்" என்றார்.

"உங்களுக்கென்ன விசரா அண்ணை? பிழை விட்டது நான். உங்கட பல்லு என்ன பாவம் செய்தது?"

காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பிழை என்னுடையது என்று கடிதம் எழுதத் தொடங்கினேன்.

"எழுதாதையுங்கோ, உங்கட வேலைக்கு ஏதும் வந்திடும்."

அந்த வீங்கிய முகத்தோடு என் வேலைக்குக் கவலைப்படுகிறார்! எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கடிதத்தை அனுப்பினேன். டாக்டர் மாத்திரை கொடுத்து அனுப்பினார். பத்து வேலை நாளில் பதில் தருவோம் என்றது இன்சூரன்ஸ். தினமும் போன் போட்டேன், கெஞ்சினேன், கத்தினேன். சீழுக்குப் பத்து வேலை நாளைப் பற்றி என்ன தெரியும்?

அனுமதி வந்த காலை அவருக்குப் போன் அடித்தேன். "அண்ணை, சரி வந்திட்டுது! உடன வெளிக்கிடுங்கோ."



"நேற்று வீக்கம் கண்ணுக்கு ஏறிட்டுது தங்கச்சி. ஆஸ்பத்திரியில புடுங்கிப்போட்டினம்."

"என்னை ஏசுங்கோ அண்ணை, நல்லா ஏசுங்கோ" என்று கத்தினேன். அவர் ஏசவில்லை. தன்னால் எனக்கு வீண் அலைச்சல் என்று மன்னிப்புக் கேட்டார்.