மைதானத்தில் பிடித்த நிரை

இரண்டு வருடத்துக்கு முன்னால், மூணாறு பக்கத்தில் நான் கங்காணியாக இருக்கும் தேயிலை எஸ்டேட்டில் நடந்தது. காலையில் பெண்களை வேலைக்காட்டுக்கு ஏற்றிப்போன ஜீப் சரிந்து, என் கொழுந்தியாளுக்குத் தலையில் பலமான அடி. நினைவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, கொச்சிக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பாள், ஆனால் ரோட்டில் மலை வளைவுகளில் ஐந்து மணி நேரம் தாங்கமாட்டாள் என்றார்.

நல்லவேளை, கொச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டாக்டர் போன் செய்தார். எங்கள் கால்பந்து மைதானத்தில் இறங்குவதாகவும், மைதானத்தைக் காலியாக வைக்கும்படியும் சொன்னார்கள்.

நான் சும்மா இருந்தேனா? மேலிருந்து இடம் தெரிய வேண்டுமே என்று, அங்கே கூடிவிட்ட பெண்களிடம் கொழுந்து கட்டும் வெள்ளைத் துணிகளையெல்லாம் வாங்கி மைதானம் முழுக்க விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்தேன். பெரிய காரியம் செய்த நினைப்பு!

ஹெலிகாப்டர் தாழ வந்ததும் அதன் காற்றில் துணிகள் கல்லோடு கிளம்பின. ஒன்று இறக்கைக்கே பாய்ந்தது. ஓட்டியவர் சட்டென்று மேலே தூக்கி, மலைக்கு அப்பால் போய்விட்டார். அவளை நானே கொன்றுவிட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குள் டாக்டரின் போன் அடித்தது. எரிபொருள் குறைவு, இன்னும் ஒரே ஒருமுறை வருவார்களாம்.

கொழுந்து பறிக்கும் அக்கா ஒருத்தி சத்தம் போட்டாள்: "எல்லாரும் நிரை பிடிங்கடி! ஒரு குச்சிகூடக் கெடக்கக் கூடாது!" பிறகு என்னைப் பார்த்து, "கங்காணி, நீங்க செத்த ஒதுங்கி நில்லுங்க" என்றாள்.

தேயிலைக் காட்டில் ஆளுக்கொரு செடி வரிசையாக நிரை பிடித்து ஏறுவதைப் போல, நாற்பது பெண்கள் மைதானத்தின் ஒரு ஓரத்தில் வரிசையாக நின்று குனிந்தபடி மறுஓரம் வரை போனார்கள். துணி, கல், மிட்டாய்க் காகிதம், சுள்ளி எல்லாம் முதுகுக் கூடைக்குள் போயின. ஐந்து நிமிடம்தான். பிறகு மருந்தடிக்கும் பம்புகளில் வெறும் தண்ணீரை நிரப்பிப் புழுதி அடங்கத் தெளித்தார்கள். யாரும் அவர்களுக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

ஹெலிகாப்டர் பூப்போல இறங்கியது. அதிலிருந்து குதித்த பெண் டாக்டர் கொழுந்தியாளை ஏற்றிக்கொண்டே தரையைப் பார்த்து, மலையாளம் கலந்த தமிழில், "இத்ர நல்லா ஆரு க்ளீன் செஞ்சது?" என்று கேட்டார். இப்போது எந்த எஸ்டேட்டுக்குப் போவதானாலும், முதலில் பெண்களை நிரை பிடித்து மைதானத்தில் குப்பை பொறுக்கச் சொல்லுங்கள் என்றுதான் அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் போனில் சொல்கிறார்களாம்.

கொழுந்தியாள் மூன்று வாரத்தில் தன் காலாலேயே நடந்து வீட்டுக்குள் வந்தாள். பதினெட்டு வருடமாக நிரைக்குப் பின்னால் நின்று, இலை விட்டுப்போச்சு, கை ஓடலை என்று அந்தப் பெண்களைத் திட்டியே சம்பளம் வாங்கியவன் நான். இப்போதும் திட்ட வாய் திறப்பேன். அன்று அவளுக்காகக் குனிந்த நாற்பது முதுகுகளும் கண்முன் வரும், பேசாமல் தலையைக் குனிந்துகொள்வேன்.