அப்பாவின் ரகசிய மொழி

என் அக்கா குத்துச்சண்டை கற்றுக்கொள்ளப் போனது உடம்பு இளைக்கத்தான். சமூக மன்றத்தில் யோகா வகுப்பு நிரம்பிவிட்டது, பக்கத்து அறையில் குத்துச்சண்டைக்கு இடமிருக்கிறது என்றார்கள். சரி, அதுவாவது கிடைத்ததே என்று அம்மாதான் பணம் கட்டிவிட்டு வந்தார். உடம்பு இளைத்ததோ இல்லையோ, நான்கு வருடத்தில் அக்கா நாட்டின் இளையர் அணியில், ஐம்பத்தேழு கிலோ பிரிவில் நின்றாள். அந்த வருட ஜூன் விடுமுறையில் பத்து நாடுகளின் இளையர்கள் கலந்துகொண்ட போட்டி சிங்கப்பூரிலேயே நடந்தது. அவளுக்குப் பதினேழு வயது. எனக்கு ஒன்பது.

அப்பா மூன்று நாள் விடுப்பு எடுத்தார். அவர் பேருந்து ஓட்டுநர். ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே பின்வாசலில் நிற்பவரை உள்ளே தள்ளி நிற்கவைக்கும் குரல் அவருக்கு. அந்தக் குரல் அக்காவின் பயிற்சியிலும் ஒரு பங்கு வகித்தது. அக்காவின் பயிற்றுநர் ஒரு மலாய்க்காரர், மென்மையாகப் பேசுகிறவர். சுற்றுக்குச் சுற்று இடைவேளையில் அவர் காதோரம் சொல்வதைச் சொல்வார். சண்டை நடக்கும்போது முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பா சொல்வதுதான் அக்காவுக்குக் கேட்கும்.

இதில் அப்பா ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தார். எல்லாவற்றையும் தமிழில் கத்துவது. "கீழ அடி", "இடது விடு", "அவ வலது கை இறங்குது பாரு" என்று எதை வேண்டுமானாலும் சபையறியச் சொல்லலாம், எதிராளிக்கு ஒன்றும் புரியாது. தொடக்கப்பள்ளியில் தமிழ்த் தேர்வன்று காய்ச்சல் என்று படுத்துக்கொண்டவள் என் அக்கா. அவளே இப்போது, "பா, தெளிவா சொல்லுங்க பா, ‘பக்கவாட்டுல’ன்னா எந்தப் பக்கம்?" என்று சாப்பாட்டு மேசையில் சந்தேகம் கேட்டாள். அப்பா கண் கலங்காத குறை.

வீட்டில் ஒரு சட்டமும் போடப்பட்டது. போட்டி முடியும்வரை மற்ற நாட்டு ஆட்களோடு யாரும் பேசக் கூடாது, சிரிக்கவும் கூடாது. இது குறிப்பாக அம்மாவுக்காகப் போட்ட சட்டம்.

ஆனால் சட்டம் வருவதற்கு முந்தின நாளே அம்மா அதை மீறியாகிவிட்டது.

அம்மா தேக்கா கடைத்தெருவில் வளையல், பொட்டு, கூந்தல் எண்ணெய் விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தார். விடுமுறை என்பதால் நானும் கடையில்தான் கிடப்பேன். அன்று மாலை ஓர் ஒல்லியான பெண் வந்து கறுப்பு ரப்பர் பேண்ட் இருக்கிறதா என்று கேட்டாள். நீளமான முடி, மெல்லிய குரல், எங்களுக்குப் பழக்கமில்லாத தமிழ்.

"எந்த ஊரும்மா?"

"முல்லைத்தீவு, அன்ரி. போட்டிக்கு வந்தனாங்கள். பின்னால உள்ள ஹோட்டல்லதான் நிக்கிறம்."

அம்மா அவளுடைய முடியைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், பரதநாட்டியம் என்று முடிவு செய்துவிட்டார். அந்த நேரம் பார்த்து வேறு ஆள் வந்து மெட்டி கேட்டதால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. கன்னம் ஒட்டிக் கிடந்தது அந்தப் பெண்ணுக்கு. "சாப்பிட்டியா?" என்றார். "நாளைக்குக் காலமைக்குப் பிறகுதான் அன்ரி" என்றாள். நாட்டியத்துக்கு விரதமெல்லாம் இருப்பார்கள் போலிருக்கிறது என்று அம்மாவுக்குப் பக்தியே வந்துவிட்டது. "அப்போ நாளைக்கு வா, நான் கொண்டாந்து வைக்கிறேன்" என்றார்.

மறுநாள் மதியம் போட்டி தொடங்கியது. அக்கா முதல் சண்டையில் ஒரு தாய்லாந்துப் பெண்ணை வென்றாள். அப்பா தமிழில் கத்திய ஒவ்வொன்றும் அப்படியே நடந்தது. அடுத்த சண்டைக்கு வளையத்தின் நீல மூலையில் ஒருத்தி ஏறினாள். தலைக்கவசத்தைப் போட்டுக்கொள்வதற்காக அவள் முடியை அள்ளிக் கட்டினாள், எங்கள் கடை ரப்பர் பேண்டால்.

"அடியே, நம்ம டான்ஸ் பொண்ணு!" என்றார் அம்மா என்னிடம்; அப்பா அக்காவோடு உள்ளே போயிருந்தார்.

டான்ஸ் பொண்ணு எதிரில் நின்றவளை ஒன்றரை நிமிடத்தில் கயிற்றின்மேல் சாய்த்தாள்.

அம்மா பதறிப்போய்ச் சுவரில் ஒட்டியிருந்த ஆட்டப் பட்டியலைப் போய்ப் பார்த்தார். நானும் கூடப் போனேன். அக்காவின் பெயர் இடது ஓரத்தில் இருந்தது, அந்தப் பெண்ணின் பெயர் வலது ஓரத்தில் இருந்தது. "பாத்தியா, இவ இந்தக் கோடி, அவ அந்தக் கோடி. ரெண்டு பேரும் சந்திக்கவே மாட்டாங்க" என்றார் அம்மா நிம்மதியாக. இரண்டு பக்கக் கோடுகளும் நடுவில் ஒரே பெட்டியில் வந்து முட்டுவதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

அதனால் அன்று மாலையும், அடுத்த நாள் மாலையும், அப்பா அக்காவை வீட்டுக்கு அழைத்துப்போன பிறகு, கடையின் பின்பக்கத்தில் அந்தப் பெண் எங்கள் டப்பாவிலிருந்து எலுமிச்சை சோறும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டாள். நான் அவளை முல்லை அக்கா என்று கூப்பிட்டேன். அவள் எனக்கு இடது கையை நீட்டிக் குத்துவது எப்படி என்று சொல்லித் தந்தாள். அம்மா எங்களுக்கு நடுவில் வளையல் அட்டைகளைப் பத்திரமாக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் அக்கா ஒரு மங்கோலியப் பெண்ணையும் வென்றாள். முல்லை அக்காவும் வென்றாள். மூன்றாம் நாள் காலை எடை பார்க்கும் அறை வாசலில் அப்பா அறிவித்தார்: "ஃபைனல்ல ஸ்ரீலங்கா."

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்ரீலங்காவா? தமிழ் தெரிஞ்சிருந்தா பா?" என்றாள் அக்கா.

அப்பாவும் அதை யோசிக்காமல் இல்லை. பட்டியலில் இருந்தது ஒரு கிறிஸ்துவப் பெயர், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவளுடைய பயிற்றுநர் சிங்களத்தில் பேசுவதை அவர் கேட்டிருந்தார். இருந்தாலும் உறுதி செய்துகொள்ள வேண்டுமென்று ஒரு பரிசோதனை நடத்தியிருந்தார். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் போய் நின்று, "ஏம்மா, ஷூ லேஸ் அவுந்து கிடக்கு, பாத்துப் போ" என்று சத்தமாகச் சொன்னாராம். அவள் திரும்பவும் இல்லை, குனிந்து பார்க்கவும் இல்லை.

"டெஸ்ட் பண்ணிட்டேன்லா. ஒரு எழுத்து தெரியாது" என்றார்.

அம்மா என்னைக் கழிவறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "நீ வாயைத் திறக்கக் கூடாது. இப்போ போய்ச் சொன்னா உங்க அக்காவுக்கு மனசு கெட்டுடும், ஏறவே மாட்டா. அந்தச் சத்தத்துல அப்பா கத்துறது அவளுக்கு எங்க கேக்கப்போகுது? என் மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். ஆனால் அப்பாவின் குரல் கேட்காது என்று இருபது வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியவர் சொன்னது எனக்கே கொஞ்சம் அதிகமாகத் தோன்றியது.

முதல் சுற்று தொடங்கியது. "கீழ! கீழ அடி!" என்றார் அப்பா. அக்காவின் கை புறப்படும் முன்பே முல்லை அக்காவின் முழங்கைகள் கீழே இறங்கி விலாவை மூடிக்கொண்டன. "இடது விடு!" என்றார். முல்லை அக்காவின் இடது கை அக்காவின் நெற்றியில் வந்து இறங்கியது. "பின்னால வா, பின்னால வா!" என்றதும் இரண்டு பேருமே பின்னால் போனார்கள். வளையத்தின் நடுவில் நடுவர் மட்டும் தனியாக நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"என்ன இவ, ஜோசியம் கத்துக்கிட்டு வந்திருக்காளா?" என்றார் அப்பா. அம்மா கைப்பையில் எதையோ மும்முரமாகத் தேடினார்.

இரண்டாம் சுற்றில் அப்பா இன்னும் விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தார். விளக்கம் கூடக் கூட அக்கா வாங்கிய அடியும் கூடியது. கடைசியில், வீட்டில் தினமும் சொல்லும் அந்த வார்த்தையைச் சொன்னார்: "உன் வலது கை இறங்குது! முகம் தெரியுது!" முல்லை அக்கா அந்த முகத்தைத் தேடிப் பிடித்து ஒன்று வைத்தாள். அக்காவின் தலை பின்னால் போய் வந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. சத்தியம் ஒரு பக்கம், அக்காவின் மூக்கு ஒரு பக்கம். நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினேன்:

"அப்பா! அவங்களுக்குத் தமிழ் தெரியும்!"

அப்பாவின் பெண் அல்லவா நான். அரங்கம் முழுக்கக் கேட்டது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு எதிரில் நின்றவளைப் பார்த்தாள். அக்கா ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்த அந்த விநாடியில்தான், ஏற்கெனவே கிளம்பிவிட்ட முல்லை அக்காவின் வலது கை வந்து சேர்ந்தது. நடுவர் எட்டுவரை எண்ணினார். எட்டையும் நான் நாற்காலிமேல் நின்றபடியே கேட்டேன்.

மூன்றாம் சுற்றுக்கு அப்பா மலாய்க்கு மாறினார். "கிரி! கானான்! கிரி!" என்றார். அப்பாவுக்கு மலாய் நன்றாக வரும். அக்காவுக்கு உணவு அங்காடியில் சாப்பாடு வாங்கும் அளவுக்கு மட்டும்தான் வரும்; எது இடது எது வலது என்று அவள் நினைத்துப் பார்ப்பதற்குள் அப்பா அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். மூலையிலிருந்த பயிற்றுநர் திரும்பி, "அங்கிள், ரிலாக்ஸ் லா" என்று கெஞ்சினார். அப்பா உட்கார்ந்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அந்த நிசப்தத்தில் இரண்டு பெண்களும் தங்கள் இஷ்டத்துக்குச் சண்டை போட்டார்கள். அந்த மூன்று நாளில் நான் பார்த்ததிலேயே நல்ல சண்டை அதுதான்.

ஐந்து நடுவர்களில் மூன்று பேர் முல்லை அக்கா பக்கம். அக்காவுக்கு வெள்ளி.

வீட்டுக்குப் போகும் ரயில் ஃபேரர் பார்க் நிலையத்தைத் தாண்டுவதற்குள் அக்கா கடைக் கதை முழுவதையும் என்னிடமிருந்து கறந்துவிட்டாள். பிறகு மூக்கில் பஞ்சோடு அம்மா பக்கம் திரும்பினாள்.

"நீங்க அவளுக்குச் சோறு போட்டீங்களா?"

"எலுமிச்சை சோறுதானே போட்டேன். பிரியாணியா போட்டேன்?"

"அம்மா!"

"எடை பாத்ததுக்கு அப்புறம்தான்டி போட்டேன்" என்றார் அம்மா, சட்டப்படி நடந்துகொண்டவர்போல. அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுரங்கத்துக்குள் பார்ப்பதற்கு ஏதோ இருப்பதுபோல் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் மதியம் கதவைத் திறந்துகொண்டு அக்கா உள்ளே வந்தாள். பின்னால் முல்லை அக்கா, தோளில் பயணப் பையோடு. மாலையில் அவளுக்கு விமானம். அக்காவே செய்தி அனுப்பி வரவழைத்திருக்கிறாள். "எவ்வளவு கேட்டுதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள்.

அப்பா செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அம்மா இலை போடாத குறையாக விருந்து வைத்தார். சாம்பார் வரும்போது அப்பாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்தே கேட்டார்.

"நான் ஷூ லேஸ் அவுந்திருக்குன்னு சொன்னப்போ ஏம்மா திரும்பல?"

முல்லை அக்கா விழித்தாள். "நான் செருப்பெல்லோ போட்டிருந்தனான், அங்கிள். ஆரோ வேற ஆளுக்குச் சொல்லுறீங்கள் எண்டு நினைச்சன்."

அக்கா சிரித்ததில் சோறு புரையேறி மூக்கில் மறுபடி ரத்தம் வந்தது. அம்மா ஐஸ்கட்டி எடுத்துவர ஓடினார். செய்தித்தாளும் கொஞ்சம் ஆடியது.

"அப்போ நான் கத்தினது எல்லாமே கேட்டுதா?" என்றார் அப்பா.

"ஓம். எல்லாம் கேட்டது." அவள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "எங்கட கோச் நல்ல மனுசன். ஆனா அவர் சிங்களத்திலதான் சொல்லுவார். அடி விழுகிற நேரம் அது எனக்கு மண்டைக்குள்ள ஏறாது. எனக்கு இவ்வளவு நாளில ஒருத்தரும் தமிழில கத்தினதில்லை, அங்கிள். நீங்கள் ‘இடது விடு’ எண்டதும் எனக்குத்தான் சொல்லுறீங்கள் எண்டு வச்சுக்கொண்டு விட்டன்."

நான் மட்டும் சிரித்தேன். என் அப்பா சொல்லிக் கொடுத்து என் அக்காவுக்கே அடி விழுந்திருக்கிறது, இதைவிட வேடிக்கை உண்டா? யாரும் கூடச் சிரிக்காததால், வேடிக்கை இன்னும் பாக்கியிருக்கிறது என்று நினைத்து நான் கேட்டேன்: "உங்க அப்பாவும் இப்படித்தான் கத்துவாரா?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "தெரியாது" என்றாள்.

அம்மா அவள் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தார். ஏற்கெனவே இரண்டு இருந்தன. அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து, பையை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றார். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று அக்கா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு கதவருகில் போய் நின்றுகொண்டார்.

எல்லோருமாக ரயில் நிலையம்வரை போனோம். முல்லை அக்கா கட்டண வாயிலைத் தாண்டி, மின்படியில் ஏறி, பாதி உயரம் போயிருப்பாள். அப்பா வெளியில் நின்றபடி கத்தினார்: "கையை இறக்காதே! எப்பவும் கையை இறக்காதேம்மா!"

நிலையத்திலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பாமலே இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கிக் காட்டினாள். அப்படியே மேலே போய் மறைந்தாள்.

திரும்பி வரும்போது சாலையோரத்தில் அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, சொந்த அப்பா எப்படிக் கத்துவார்னுகூடவா ஒருத்தருக்குத் தெரியாம இருக்கும்?"

அம்மா என் கையை வலிக்கும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வண்டி ஏதோ வருகிறது போலிருக்கிறது என்று நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.