நாத்தனாரின் கரும்பலகை

எங்கள் ஊருக்குப் பேருந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை வரும். அதற்கு மேல் சாலை கிடையாது, கடல்தான். இறங்குகிறவர்கள் நாலு பக்கமும் திருதிருவென்று பார்த்துவிட்டு, எதிரே இருக்கும் நாலு அறை விடுதிக்குள் நுழைந்து கேட்பது ஒரே கேள்விதான்: "இங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு?" விடுதி என் நாத்தனாருடையது. அவர் வாயைத் திறந்து பதில் சொல்லமாட்டார். வாசல் சுவரில் மாட்டியிருக்கும் கரும்பலகையைக் கையால் காட்டுவார்.

பதினேழு வருஷமாக அந்தப் பலகையை அவர்தான் எழுதுகிறார். காலை ஆறு மணிக்குக் கடற்கரைக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து, நேற்றையதைத் துடைத்துவிட்டு, இன்றைக்கு இந்த ஊரில் என்னென்ன செய்யலாம் என்று வரிசையாக எழுதுவார். படகுகள் கரையேறுவதை வடக்கு முனையில் நின்று பார்க்கலாம், ஆனால் வலை இழுக்கிறவர்களின் வழியில் நிற்கக்கூடாது. கலங்கரை விளக்கத்துக்கு நூற்று அறுபத்திரண்டு படி. காவலாளி நாலு மணிக்குத்தான் கதவைத் திறப்பார், அவருடைய முழங்கால் வலியை விசாரித்தால் தொலைநோக்கி தருவார். பாறைக் குழிகளில் நட்சத்திர மீன் இருக்கும், தொடக்கூடாது. கடைசி வரி மட்டும் ஒரு நாளும் மாறாது: "ஒன்றும் செய்யாமல் உட்காரலாம். நாள் முழுவதும்." அந்த வரியைப் படித்துச் சிரிக்காத விருந்தாளியை அவருக்குப் பிடிக்காது.

இதற்கெல்லாம் நடுவில் பெரிய எழுத்தில் மணல்திட்டு. கடல் வற்றும்போது கரையிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி ஒரு வெள்ளைத் திட்டு மேலே வரும். கணுக்கால் தண்ணீரில் நடந்தே போய்விடலாம். ஊருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள். ஆனால் கடல் திரும்பும்போது, திட்டுக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் பள்ளம்தான் முதலில் நிரம்பும். அதனால் எத்தனை மணிக்குப் போகலாம், எத்தனை மணிக்குள் கரையில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். அந்த நேரம் தினமும் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் மூன்று முறை கோட்டைவிட்டவர் என் நாத்தனார். இந்த ஐம்பது நிமிடக் கணக்கில் மட்டும் அவர் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

நாற்பத்திரண்டு வயதில் கணவரை இழந்தவர். பிள்ளைகள் கிடையாது. இழவு வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் இவரை யார் வைத்துக்கொள்வது என்று கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, இவர் பின்பக்கத்தில் நாலு அறைகளையும் கூட்டித் துடைத்துக் கதவுகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தாராம். நான் அவருடைய தம்பி மனைவி. கடலையே பார்க்காத ஊரிலிருந்து பதினோரு வருஷத்துக்கு முன்னால் இங்கே வாழ வந்தவள். விடுதிக்குப் பின்னால்தான் எங்கள் வீடு, அறைகளைச் சுத்தம் செய்வதும் படுக்கை விரிப்பு துவைப்பதும் என் வேலை. எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். நான் விரித்த படுக்கையை அவர் ஒரு முறை இழுத்துவிடாமல் அறையைவிட்டு வெளியே வரமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் அவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. அதற்குப் பெரிய ஊருக்குப் போக வேண்டும். காலை ஐந்து மணி முதல் பேருந்தில் கிளம்பிவிட்டார். நான் ஏழு மணிக்கு வாசலைக் கழுவும்போது பலகையைப் பார்த்தேன். மணல்திட்டுக்கு ஒன்பது மணிக்குப் போகலாம், பதினொன்றரைக்குள் கரையில் இருக்க வேண்டும் என்று இருந்தது. ஐந்து மணிக்கே போனவர் ஆறு மணிக்கு எப்படி எழுதியிருப்பார்? இது நேற்றையது, அவசரத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். நேற்று என்ன நேரம் போட்டிருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை, யாரையாவது கேட்போம் என்றும் தோன்றவில்லை. நமக்கும் கணக்கு தெரியும் என்று ஒரு மிதப்பு. நேரத்தை மட்டும் துடைத்துவிட்டு ஐம்பது நிமிடத்தைக் கூட்டி எழுதினேன். ஒன்பது ஐம்பது, பன்னிரண்டு இருபது. இரண்டடி பின்னால் நின்று அழகு வேறு பார்த்தேன்.

மூன்றாம் அறையில் ஓய்வு பெற்ற தபால்காரரும் அவர் மனைவியும் தங்கியிருந்தார்கள். பலகையைப் பார்த்துத்தான் போனார்கள். பன்னிரண்டு மணிக்கு அவர்கள் திரும்பி நடந்தபோது பள்ளத்தில் தண்ணீர் இடுப்பைத் தாண்டிவிட்டது. தற்செயலாகக் கரையில் படகுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த படகுக்காரர் பார்த்துவிட்டு, ஈர வண்ணத்தோடேயே படகைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் போய்ச் சேர்ந்தபோது தபால்காரருக்குத் தண்ணீர் மார்பு வரை. ஒரு கையால் மனைவியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவருடைய கைப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாராம். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கரையில் உட்கார்ந்து அந்த அம்மா நடுங்கிய நடுக்கம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஒரு மணிப் பேருந்தில் நாத்தனார் இறங்கினார். வாயில் பஞ்சு, வீங்கிய கன்னம். விடுதி வாசலில் ஊரே கூடியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் நேராகப் பலகைக்குப் போனார். நேரத்தைப் பார்த்தார். சுண்ணக்கட்டியால் எழுதிய எண்ணுக்கு ஏது கையெழுத்து? வாயிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு எல்லாரையும் பார்த்துச் சொன்னார்:

"நேத்து சாயங்காலமே எழுதி வச்சிட்டுத்தான் போனேன். ஐம்பது நிமிஷத்த ரெண்டு தடவ கூட்டிட்டேன் போலிருக்கு. தப்பு என்னோடதுதான்."

அவர் போட்டிருந்தது அன்றைய நேரம்தான் என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கே புரிந்தது. சொல்லியிருக்க வேண்டும். அவர் தபால்காரரின் மனைவி காலடியில் உட்கார்ந்து, "மன்னிச்சிடுங்கம்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தபோதாவது சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்துப் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தேன், சாயங்காலம் வந்ததும் காலையில் சொல்லலாம் என்று இருந்தேன்.

மறுநாள் ஆறு மணிக்குப் பலகையைத் துடைத்தார், ஆனால் எழுதவில்லை. அதற்கடுத்த நாளும் எழுதவில்லை. வந்தவர்கள் என்ன இருக்கிறது என்று கேட்டால், "கடல் இருக்கு. தூரமா நின்னு பாருங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்.

அவர் என்ன நினைத்துப் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியும். என் மாமியார், அதாவது அவருடைய அம்மா, கடைசி நாலு வருஷம் யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்துதான் போய்ச் சேர்ந்தார். குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டதில்தான் அது ஆரம்பித்தது. பிறகு பூட்டிய கதவைத் திரும்பத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பார். ஒரு நாள் சோறு ஊட்டிக்கொண்டிருந்த மகளிடமே, "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டார். அன்றைக்கு நாத்தனார் பதில் சொல்லிவிட்டு, மீதிச் சோற்றையும் ஊட்டிவிட்டுத்தான் எழுந்தார்.

இப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது. அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி போய்ப் பார்த்தார். அறைச் சாவிகளில் அட்டையைக் கட்டி, 'இது ஒன்றாம் அறை, ஜன்னல் பக்கம்' என்று தனக்குத்தானே எழுதி வைத்தார். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. என் வீட்டுக்காரர், "பல் வலிதான், சரியாயிடும்" என்றார். ஆண்களுக்கு எல்லாமே பல் வலிதான்.

பத்தாம் நாள் மத்தியானம் மாடியில் படுக்கை விரிப்புகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். படியேறி வந்தார். ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, இரண்டு பேருமாக உதறினோம். வழக்கம்போல் குறை சொல்லவில்லை.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். "நான் ஏதாவது மறந்தேன்னா, சொன்னதையே சொன்னேன்னா, எங்கிட்டச் சொல்லிடு. தம்பி சொல்லமாட்டான், அழுவான். நீதான் மூஞ்சிக்கு நேரா பேசறவ. விடுதியையும் நீயே பாத்துக்கோ. அம்மா மாதிரி ஆயிட்டேன்னா என்னைக் கடல் பக்கம் மட்டும் தனியா விட்டுடாத."

மூஞ்சிக்கு நேரே பேசுகிறவளாம். விரிப்பைக் கீழே போட்டுவிட்டேன்.

"அக்கா, நீங்க மறக்கல. நீங்க சரியாத்தான் எழுதியிருந்தீங்க."

"ஆறுதல் சொல்லாத."

"ஆறுதல் இல்லக்கா. ஒன்பது, பதினொன்றரைனு போட்டிருந்தீங்க. நேத்தையதுனு நினைச்சு நான்தான் அழிச்சு மாத்தினேன். உங்களுக்கு ஒண்ணும் இல்ல. தப்பு முழுக்க என்னோடது. பத்து நாளா வாயத் திறக்காம இருந்ததும் நான்தான்."

அவர் என்னையே பார்த்தார். கன்னத்தில் அறை விழும் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தால், ஈர விரிப்பின் மேலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கணவர் இறந்தபோதும் அம்மா போனபோதும் அழாதவர் என்று ஊரில் பெயர் வாங்கியவர்.

"அப்போ பதினொன்றரைனு போட்டிருந்தேனா?"

"ஆமாக்கா."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்க்கா. உங்களுக்குக் கோவம் வரலையா?"

"வரும்" என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இன்னைக்கு முடியாது. இன்னைக்கு எனக்குச் சந்தோஷமா இருக்கு. நாளைக்கு வச்சுக்கறேன்."

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுத் தபால்காரர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசச் சொன்னார். பேசினேன். அந்த அம்மா முதலில் நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு ஃபோனை வாங்கிய தபால்காரர், முகவரி மாற்றிக் கொடுத்த கடிதங்கள் தன் வாழ்க்கையிலும் உண்டு என்றார். பலகையை இனி இரண்டு பேர் பார்த்த பிறகுதான் மாட்ட வேண்டும் என்றும் சொன்னார். அடுத்த வருஷம் வந்து சரிபார்ப்பாராம்.

மறுநாள் ஆறு மணிக்கு நாத்தனார் கடற்கரைக்குப் போய்விட்டு வந்து பலகையை எழுதி முடித்தார். ஏழு மணிக்கு, முந்தின நாள் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். பலகையில் கை வைத்ததில் ஆரம்பித்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டாம் அறைச் சாவியைக் கிணற்றில் போட்டது வந்தது. மழை மாதத்தில் பத்து விரிப்புகளை ஒரே நாளில் நனைத்துவிட்டு முழித்தது வந்தது. கல்யாணமான மூன்றாம் நாள் பாலைப் பொங்கவிட்டுவிட்டுப் பூனை மேல் பழி போட்டதும் வந்தது. ஒன்று விடவில்லை. ஒரு கிழமைகூடத் தப்பவில்லை. வாசலில் நின்ற விருந்தாளிகள் இரண்டு பேர் பலகையைப் படிப்பதுபோல் பாசாங்கு செய்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர்தான் பாவம், பொறுக்க முடியாமல் நடுவில் வந்தார். "போதும்க்கா, விட்டுடு."

"நீங்க சும்மா இருங்க" என்று அவரை அதட்டிவிட்டு, நாத்தனார் பக்கம் திரும்பினேன். "அது என்ன நிறப் பூனைக்கா?"

"சாம்பல் நிறம். வால் நுனி மட்டும் வெள்ளை" என்றார். "பேச்ச மாத்தாத."

சாம்பல் நிறம்தான். வால் நுனி மட்டும் வெள்ளைதான். எனக்கே மறந்து போயிருந்தது.