நாலாவது தடவை

துணைமின் நிலையத்தில் அபாய மணி அடித்ததும் அவர் செய்கிற முதல் வேலை, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வது. திருடனைப் பிடித்த போலீஸ்காரர் போல, வலது கையை இடது கை இறுகப் பற்றியிருக்கும். அப்படியே பேனலுக்கு முன்னால் நின்று, ஜன்னலுக்கு வெளியே பிரேக்கர் 'டமார்' என்று விழும் சத்தத்துக்குக் காது கொடுப்பார். சில நொடிகளில் அது தானாகவே ஒட்டிக்கொள்ளும். "ஒண்ணு" என்பார். மறுபடி விழுந்து மறுபடி ஒட்டினால், "ரெண்டு". மூன்றாவது முறையும் ஒட்டி, அதுவும் விழுந்துவிட்டால், "போச்சு. இனிமே மனுஷன் பாடு."

கம்பியில் கிளை உரசினாலும் அணில் குறுக்கே ஓடினாலும் பிரேக்கர் மின்சாரத்தை வெட்டிவிடும். ஆனால் வெட்டிய பிறகு அதற்கு மனசு கேட்காது. கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திய மாமனார் மறுநிமிஷமே திறந்து எட்டிப் பார்ப்பாரே, அந்த மாதிரி. கிளை விலகியிருந்தால் விளக்குகள் ஒரு தரம் கண் சிமிட்டியதோடு சரி, ஊருக்கு விஷயமே தெரியாது. மூன்று முறை பார்த்தும் கோளாறு போகவில்லையென்றால் அது பூட்டிக்கொள்ளும். அப்புறம் பேனலில் இருக்கும் கைப்பிடியை யாராவது திருப்பினால்தான் உண்டு. இந்தத் துணைமின் நிலையத்தில் அந்த யாராவது இவர்தான்.

இவரோ லேசில் திருப்ப மாட்டார். லைன்மேன் கடைசிக் கம்பம் வரை நடந்து பார்த்து, "சுத்தமா இருக்குண்ணே" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். "இன்னொரு தடவ போட்டுத்தான் பாருங்களேன், நின்னாலும் நிக்கும்" என்பது இந்தத் தொழிலில் வேதவாக்கு. நிற்கவும் செய்யும், பல நேரம். இவருக்கு அந்த வாக்கு மட்டும் ஆகாது. அதனால் ஊரில் இவருக்கு 'இருட்டு மாமா' என்று பெயர். மளிகைக் கடைக்காரர் இவர் தலையைக் கண்டாலே ஒரு மெழுகுவத்தியை எடுத்து நீட்டுவார். இவர் சிரிக்காமல் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இவரும் எல்லோரையும் போல ஒரு ஆப்பரேட்டர்தான். ஒரு மத்தியானம், மேலிடத்துப் போனுக்குக் கட்டுப்பட்டு நாலாவது முறை கைப்பிடியைத் திருப்பினார். கம்பி அறுந்து ஒரு வேலியில் விழுந்திருந்தது. மூன்று முறை தெறித்த பொறி அடங்கிவிட்டதே என்று, பிள்ளைகள் மிதித்துவிடாமல் அதை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள் ஒரு தாய். விசாரணையில் ஆப்பரேட்டர் மேல் குற்றமில்லை என்று எழுதினார்கள். அதை எழுதியவர்களை அவர் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. கேட்டால் இவ்வளவுதான் சொல்வார்: "மூணு தடவ மிஷின் போட்டுச்சு. அதுக்குக் கண்ணு கெடையாது. நாலாவது நான் போட்டேன்."

கடவுள் சோதிக்கிறார் என்பார்களே, அது இவர் விஷயத்தில் நேராகவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. மனைவிக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிற வியாதி. இரண்டு வருஷமாக மூக்கில் குழாய். கட்டிலுக்குப் பக்கத்தில் பிராணவாயு மிஷின். அது ஓடுவது இவர் காவல் காக்கும் அதே லைனில். கரண்ட் நின்றால் கைகாவலுக்கு ஒரு சிறு சிலிண்டர் உண்டு. இரண்டு மணி நேரம் தாங்கும்.

போன வாரம் மத்தியானம் பெருங்காற்று அடித்தது. பிரேக்கர் விழுந்தது, ஒட்டியது, விழுந்தது. இவர் மூன்று எண்ணிமுடித்துக் கையைக் கட்டிக்கொண்டார். ஐந்தாவது நிமிஷம் என்ஜினியரம்மாவின் போன்.

"ஊரே கத்துது. ஒரு தடவ போட்டுப் பாருங்க."

"லைன்மேன் நடந்துக்கிட்டு இருக்காரு மேடம். இன்னும் இருபது கம்பம் இருக்கு."

"உங்க வீடும் அதே லைன்தானே? வீட்ல மிஷின் ஓட வேணாமா? எனக்காகப் போட வேணாம், அவங்களுக்காகப் போடுங்க."

"அவளுக்காகன்னா கை தானாப் போயிடும் மேடம். அதான் கட்டி வச்சிருக்கேன்."

அந்தம்மா பட்டென்று வைத்துவிட்டார். இவர் நின்றுகொண்டே இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கைப்பிடி எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

நாற்பது நிமிஷம் கழித்து லைன்மேன் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. "அண்ணே, போட்டுடாதீங்க. போட்டுடாதீங்கண்ணே. மரம் சாஞ்சு கம்பி அறுந்திருக்கு. சைக்கிள்ல போன ஒருத்தர் மேல விழுந்து... போயிட்டாரு. கம்பி அவர் மேலேயே கெடக்கு. நாலு பேரு அவரக் கையப் புடிச்சுத் தூக்கிட்டு இருந்தாங்கண்ணே. கத்தி விலக்குனேன்."

அவர் தரையில் விரித்திருந்த ரப்பர் பாயில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாலு உயிர் பிழைத்ததே என்ற நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தான் வாய்விட்டு எண்ணிய ஒன்று, இரண்டு, மூன்று ஒவ்வொன்றும் அந்த சைக்கிள்காரர் உடம்பு வழியாகப் போயிருக்கிறது என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

எழுந்து லைனைத் தனியாகப் பிரித்து, தரையோடு இணைத்து, கைப்பிடியில் 'ஆள் வேலை செய்கிறார்' அட்டையை மாட்டினார். இழுத்துக் கட்ட மூன்று மணி நேரமாவது ஆகும். வீடு, அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம். மனைவிக்காகச் சொல்லியிருந்த ஆம்புலன்ஸும் சாலையில் விழுந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறதாம். எப்போது வரும் என்று அதன் டிரைவருக்கே தெரியவில்லை. வீட்டுக்குச் செல்போன் போட்டார். கொழுந்தியாள் எடுத்தாள்.

"அத்தான், சிலிண்டர் முள்ளு எறங்கிக்கிட்டே இருக்கு. எல்லாம் உங்க கையிலதானே இருக்கு? போட்டா என்னத்தான்?"

"போட முடியாதும்மா. ஆள் வேலை செய்யுறாங்க. நீ காத்தக் கொஞ்சம் கொறச்சு வை. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தாங்கட்டும்."

அழுகிறாள் என்று தெரிந்தது. "அக்கா அப்பவே கொறச்சுட்டா. ஃபேன் நின்ன உடனே அவளே எட்டித் திருகிட்டா. அவரு போட மாட்டாருடின்னு சொன்னா."

போனை அக்காவின் பக்கத்தில் வைக்கச் சொன்னார். பேச்சு இல்லை. மூச்சு மட்டும், படி ஏறுகிறவளின் மூச்சு மாதிரி, விட்டு விட்டு வந்தது. அதைக் காதோடு வைத்துக்கொண்டே நின்றார்.

அப்போது ஆபீஸ் போன் அடித்தது. கம்பத்தடியிலிருந்து லைன்மேன். "அண்ணே, அண்ணிக்கு எப்படி இருக்கு? பெல்ட்டு, கயிறுன்னு பார்த்துக்கிட்டு இருந்தா நேரமாகும். சும்மாவே ஏறி கடகடன்னு முடிச்சிடுறோம். அரை மணி நேரம் மிச்சம்."

அவர் செல்போனைக் காதிலிருந்து எடுத்தார். அதன் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, மற்றப் போனில் சொன்னார்: "அவசரம் ஒண்ணும் இல்லப்பா. பெல்ட்டப் போட்டுட்டு மெதுவா ஏறு."